மாடிக்குப் போட்ட பூட்டு

மாடியில் குடியிருந்தவன் வீட்டைக் காலி செய்யப்போவதாகச் சொன்ன அதே வாரத்தில்தான், ஊரே தன்னைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறது என்பது டிரைவிங் டீச்சருக்குத் தெரியவந்தது.

சொன்னவர் மருந்துக்கடைக்காரர். நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். மைதானத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு? பவுடர் பூசிக்கவா?" என்று டீச்சர் அதட்டினாள். பல வருடமாக எல்லோரிடமும் சொல்லும் வசனம்தான். மனிதர் குபீரென்று சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் வண்டி பின்னாலிருந்த காலி டிரம்மில் போய் இடித்து நின்றது.

"என்ன சார் சிரிப்பு?"

"மன்னிச்சிடுங்க மேடம். ரேடியோவுல கேக்கற மாதிரியே இருந்துச்சா, அடக்க முடியல."

"எந்த ரேடியோவுல?"

மருந்துக்கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மேடம். உங்க மாடியில இருக்காரே, அவர் காலையில பண்ற நிகழ்ச்சி. 'வீட்டுக்காரம்மா கதை'ன்னு ஒரு பகுதி வருது. நீங்க சொல்லிக்குடுத்துதான் அவர் பேசறார்னுகூட சிலபேர்..."



டீச்சருக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் ஜனங்கள் கிளம்புகிற நேரம்தான் மாடிக்காரனின் நிகழ்ச்சி. அந்த நேரத்தில் அவள் தெருவில் யாரோ ஒருவர் பக்கத்தில் காலை பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காரில் ரேடியோவே கிடையாது. வாங்கிய அன்றைக்கே கழற்றிப் போட்டுவிட்டாள். ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதவனுக்குப் பாட்டு ஒரு கேடா என்று கேட்பாள்.

வீட்டுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு வந்தவன் அவன். ரேடியோவில் வேலை என்றதும் அவளைவிட அவள் கணவருக்குத்தான் அதிக சந்தோஷம். அவர் காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர். லாரி நிற்கும் இடத்தில் நின்று குரல் கொடுத்தால் சந்தையின் கடைசிக் கடை வரைக்கும் கேட்கும். வாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு கால் ஓரளவு தேறியது, நாக்கு தேறவில்லை. சொல்ல வேண்டியது உள்ளே தயாராக இருக்கும், வெளியே வராது. வந்தாலும் ஒவ்வொரு சொல்லாக, இழுத்துப் பிடித்து வர வேண்டும். பார்க்க வந்த சந்தைக்காரர்கள் முதலில் பாதியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு வாசலோடு போனார்கள். அதன்பின் வரவே இல்லை.

மாடித் தம்பி மட்டும்தான் சாயங்காலம் இறங்கி வந்து அவரோடு சீட்டாடுவான். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருப்பான். அதைப் பார்த்துப் பார்த்தே டீச்சர் அவனுக்கு எத்தனையோ சலுகை கொடுத்தாள். அவன் துணி இவள் மெஷினில் சுழன்றது. காய்ச்சல் என்றால் கஞ்சி மாடிக்குப் போனது.

மறுநாள் காலையில் மைதானத்து ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, மருந்துக்கடைக்காரரின் செல்போனில் அந்த நிகழ்ச்சியைப் போடச் சொன்னாள்.

"வேண்டாமே மேடம்."

"போடுங்க."

முதலில் அவளைப் பற்றித்தான் வந்தது. மாடிக் குழாய் சரியாக மூடியிருக்கிறதா என்று வீட்டுக்காரம்மா பார்க்க வருகிற கதை. அவளுடைய குரல், அவளுடைய இழுப்பு, அவள் வாசலில் நின்று தொண்டையைச் செருமுகிற விதம் எல்லாம் அச்சு அசலாக இருந்தது. கோபம்தான் வந்தது. ஆனாலும் ஒரு இடத்தில் அவளுக்கே உதடு துடித்தது. பாவி, நன்றாகத்தான் செய்கிறான். இதோடு முடிந்திருந்தால் அவன் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டு விட்டிருப்பாள்.

முடியவில்லை. "இப்ப நம்ம வீட்டுக்காரய்யா வர்றார்!" என்றான். பின்னணியில் கைதட்டல்.

"ம... ம... ம..." என்று ஆரம்பித்தான்.

டீச்சரின் கை ஸ்டியரிங்கின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அது அவள் கணவரின் குரல். நாக்கு புரளாமல் எச்சில் சேர்ந்து வரும் அந்தச் சத்தத்தைக்கூட அவன் விடவில்லை.

"ஐயா எங்கிட்ட 'மழை வருது'ன்னு சொல்ல வர்றாருங்க. அவர் 'ம'வுல ஆரம்பிச்சு 'ழை'க்கு வர்றதுக்குள்ள மழை வந்து, மாடியில கெடந்த என் துணியெல்லாம் நனைஞ்சு, அப்புறம் வெயில் அடிச்சு, காஞ்சும் போச்சு! நான் மடிச்சு வச்சுட்டு வந்து கேக்கறேன், 'என்னய்யா சொல்ல வந்தீங்க?' 'ம... ம... ம...'"

சிரிப்பு. மறுபடி கைதட்டல். பிறகு பல்பொடி விளம்பரம்.

அந்த மழை நாள் டீச்சருக்கு நன்றாக நினைவிருந்தது. வீட்டில் அவர் தனியாக இருந்தார். மாடியில் தம்பியின் துணி காய்கிறதே என்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, இழுத்துக்கொண்ட காலோடு படியேறியிருக்கிறார். துணியை எடுத்தும்விட்டார். இறங்கும்போது வழுக்கி முழங்கால் சிராய்த்துக்கொண்டார். டீச்சர் வந்து மருந்து போட்டபோது, "தம்பிகிட்ட சொல்லாதே, வருத்தப்படுவான்" என்பதைத்தான் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டு சொன்னார்.

மருந்துக்கடைக்காரர் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு கிளாஸ் வேணாம் மேடம். நான் நடந்தே போய்க்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவர் எதிரே போய் உட்கார்ந்தாள். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் சின்ன ரேடியோ ஒன்று எப்போதும் இருக்கும். அது அவள் கண்ணில் பட்டது.

"ஏங்க, மாடித் தம்பி ரேடியோவுல உங்களை மாதிரி பேசிக் காட்டறானாமே. தெரியுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியுமான்னு கேக்கறேன்."

"மொதல்... நாள்லேர்ந்தே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வாய் திறந்து மூடியது. அவள் காத்திருந்தாள்.

"சொன்னா... நீ அவனை... அனுப்பிடுவே. அப்புறம்... எங்கூட... யாரு... பேசுவா?"

டீச்சர் எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்துக்குள் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். காலையில் காதால் கேட்டுவிட்டு, சாயங்காலம் அவனோடு உட்கார்ந்து சீட்டுப் போட்டிருக்கிறார். நாள் தவறாமல். அவனும் கீழே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மெதுவா சொல்லுங்கய்யா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று பொறுமையாகக் கேட்டிருக்கிறான். அது பொறுமையே இல்லை, மறுநாளைக்குச் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அழுகை வரவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு இரும்புக் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கிவந்து, மாடிப்படிக்கு முன்னால் இருந்த கம்பிக் கதவில் மாட்டினாள். பழைய பூட்டைக் குப்பையில் போட்டாள்.

மத்தியானம் அவன் வந்தான். பெரிய நகரத்தில், பெரிய ரேடியோவில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். மூட்டை கட்ட அட்டைப்பெட்டிகளைக் கையிலேயே கொண்டுவந்திருந்தான்.

"அம்மா, இதென்ன புதுப் பூட்டு? சாவி குடுங்க."

"குடுக்க மாட்டேன்."

அவன் சிரித்தான். "என்னம்மா, வாடகை பாக்கியா? அட்வான்ஸ்ல பிடிச்சுக்கங்க."

"நீங்க ஒரு பைசா தர வேண்டாம்" என்றாள் டீச்சர். இத்தனை நாள் 'நீ' என்றும் 'தம்பி' என்றும் கூப்பிட்டவள் 'நீங்க' என்றதும் அவனுக்குச் சுருக்கென்றது. "வழுக்கி விழுந்து என் வீட்டுக்காரர் எடுத்துவச்ச துணி மேலதான் இருக்கு. நனையவும் இல்ல, மறுபடி காயவும் இல்ல."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, "யார் பேரையும் சொல்லலையேம்மா. எல்லாம் ஒரு அன்புலதான். ஐயா மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும்" என்றான்.

"தெரியும். காலையில கேட்டேன்."

"அம்மா, என் சர்டிபிகேட்லாம் மேலதான் இருக்கு. போட்டிருக்கற சட்டையைத் தவிர மாத்துத் துணிகூட இல்ல."

"நல்ல சட்டைதான். அதையே போட்டுக்கங்க."

கதவைச் சாத்திவிட்டாள்.

அன்றைக்கு அவன் எங்கே தங்கினானோ, மறுநாள் ரேடியோ நிலையத்து மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மேனேஜர் கழுத்தில் அடையாள அட்டையோடு, காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்து, மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"மேடம், ஒருத்தர் பொருளைப் பூட்டி வைக்கறது சட்டப்படி தப்பு. போலீஸ் வரைக்கும் போக வேண்டாம்னு பாக்கறோம்."

"போங்களேன். எதுக்குப் பூட்டினேன்னு அவங்க கேப்பாங்க. சொல்றேன். பக்கத்துல யாராவது பத்திரிகைக்காரர் நின்னா அவரும் கேட்டுக்கட்டும்."

மேனேஜர் காலைக் கீழே இறக்கினார். "உங்களுக்கு என்னதான் வேணும்? எழுத்துல மன்னிப்பு? நான் வாங்கித் தரேன்."

"அதை வச்சு நான் என்ன பண்ண? நாளைக்கு இவருக்குக் கடைசி நிகழ்ச்சிதானே? அதுல நானும் என் வீட்டுக்காரரும் வர்றோம். விருந்தாளியா. நேரடியா. முடிஞ்சதும் அங்கேயே சாவியைத் தந்துடறேன்."

மேனேஜரின் முகம் மலர்ந்துவிட்டது. மூன்று வருடமாக ஊர் கேட்டுச் சிரித்த வீட்டுக்காரம்மா, அசல் வீட்டுக்காரம்மா, ஸ்டுடியோவில்! விளம்பரதாரர்கள் வரிசையில் நிற்பார்கள். "பிரமாதமான யோசனை மேடம்!" என்றார். பூட்டையும் போலீசையும் அந்த நிமிடமே மறந்துவிட்டார்.

மாடிக்காரன் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், இது வேணாம் சார்" என்றான்.

"ஏன்யா, சும்மா இரு. கடைசி நாள் அமர்க்களமாப் போகட்டும்."

கணவரிடம் டீச்சர் எதையும் மறைக்கவில்லை. எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று சொன்னாள். அவர் வெகுநேரம் யோசித்தார். கடைசியில், சந்தைக்குப் போன நாளில் போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்துத் தரச் சொன்னார். அவள் பொத்தான் போட்டுவிட்டாள்.

ஸ்டுடியோ அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய ஒரு அறை, வட்ட மேஜை, மேஜையைச் சுற்றி மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் இன்னும் சிலரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். மாடிக்காரன் காதில் ஹெட்போனோடு எதிரே உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தாலும் குரல் துள்ளியது. தொழில் தொழில்தான்.

"வணக்கம், வணக்கம்! இன்னிக்கு என் கடைசி நாள். நான் சொன்ன கதையெல்லாம் பொய்யின்னு நெனச்சவங்களுக்கு ஒரு அதிர்ச்சி. நம்ம வீட்டுக்காரம்மாவும் ஐயாவும் நேர்லயே வந்திருக்காங்க! அம்மா, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்" என்றாள் டீச்சர்.

"என்மேல கோபமா?"

"என்னைப் பத்திச் சொன்னதுக்கா? அதெல்லாம் விடுங்க. நான் அப்படித்தான். குழாய் சொட்டினா எனக்குத் தூக்கம் வராது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்தார்கள். மாடிக்காரனுக்கு மூச்சு வந்தது. நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார்ந்தான்.

"எனக்கு ஒரே ஒரு ஆசைதான்" என்று டீச்சர் தொடர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. "என் வீட்டுக்காரர் மாதிரி நீங்க பேசுவீங்களாமே. மழைக் கதை. இவர் பக்கத்துலயே இருக்கார். இவர் முகத்தைப் பாத்து ஒரு தடவை பேசிக் காட்டுங்க. சரியா வருதான்னு இவரே சொல்லட்டும்."

அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"அம்மா, அது வந்து... ஒரு பாட்டு கேட்டுட்டு..."

"பாட்டு அப்புறம். ஊரே கேக்குது. செய்யுங்க."

ரேடியோவில் எதுவும் கேட்காமல் போவதைவிடப் பெரிய விபத்து கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் கையை வட்டமாகச் சுழற்றினார், பேசு பேசு என்று. மாடிக்காரன் தலையைத் தூக்கினான். எதிரே வெள்ளைச் சட்டையில் ஏலக்காரர் உட்கார்ந்திருந்தார். கோணிய வாயோரத்தில் கசிந்ததைக் கைக்குட்டையால் ஒற்றிவிட்டு, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செய்யி... தம்பி" என்றார். "நல்லா... செய்வியே."

அவன் உதடுகளைச் சேர்த்தான். 'ம' என்பதற்கு உதட்டைச் சேர்த்தால் போதும். சேர்ந்த உதடு பிரியவில்லை. டீச்சர் மைக்கை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து, கையைக் கட்டிக்கொண்டாள். தெருவில் வண்டி அணைந்துபோய், பின்னால் ஹாரன் அடிக்கும்போது கற்றுக்கொள்பவரின் நெற்றியில் வேர்க்குமே, அந்த வேர்வை அவன் நெற்றியில் வந்தது. உதவிக்குக் கை நீட்டுவதுதான் அவள் தொழில். இன்றைக்கு அவள் நீட்டவில்லை.

அப்போதுதான் ஏலக்காரர் மைக்குக்குப் பக்கமாகக் குனிந்தார்.

"ஒரு தரம்."

டீச்சரே திடுக்கிட்டுத் திரும்பினாள். திக்கவில்லை, இழுக்கவில்லை. நாள் முழுக்க, வருடக்கணக்காக வாயில் புரண்ட சொல் நாக்கைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது. சந்தையில் கேட்ட அதே குரல், கொஞ்சம் தேய்ந்து.

மாடிக்காரனின் கண் கலங்கியது. வாயைத் திறந்தான், மூடினான்.

"ரெண்டு தரம்" என்றார் ஏலக்காரர்.

அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான். எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். மெத்தைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான். அதன் பிறகே மேனேஜருக்குச் சுயநினைவு வந்து, பக்கத்திலிருந்தவனை இடித்து, ஏதோ ஒரு பாட்டைப் போட வைத்தார்.

டீச்சர் மாடிச் சாவியை அவன் விட்டுப்போன ஹெட்போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். கணவரின் கையைப் பிடித்து எழுப்பினாள். வழியில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். "நல்ல நிகழ்ச்சி சார்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

காரில் உட்கார்ந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பல நாள் பல்வலி, பல்லைப் பிடுங்கிப் போட்டதும் போனது போல் இருந்தது. சத்தமாகச் சிரிக்க வேண்டும் போலக்கூட இருந்தது. பக்கத்தில் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"பாவம்" என்றார்.

"யாரு பாவம்? அவனா? மூணு வருஷம் உங்களை வித்துத் தின்னவன் பாவமா?"

"சின்னப்... பையன்."

"சின்னப் பையனாம்! இன்னொரு தடவை கூப்பிட்டாலும் இதையேதான் செய்வேன். எனக்குத் துளிகூட வருத்தமில்ல, சொல்லிட்டேன்" என்றாள். சொன்னது நிஜம். அன்றைக்கும் வருத்தமில்லை, பிறகும் வரவில்லை. அவர் சந்தோஷப்படவில்லையே என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது.

அன்று சாயங்காலமே அவன் ஒரு வேனோடு வந்தான். டீச்சர் வாசலுக்கு வரவில்லை. உள்ளேயிருந்து பெட்டிகள் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏலக்காரர் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் என்ன பேசினார்கள், பேசினார்களா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வேன் போன பிறகு உள்ளே வந்து காபி கேட்டார்.

புது ஊரில் அவனுக்கு வேலை என்னவோ கிடைத்தது. ஆனால் பலகுரல் வேண்டாம் என்றுவிட்டார்களாம். வானிலையும் மார்க்கெட் விலையும் வாசிக்கிறானாம். மருந்துக்கடைக்காரர் வந்து சொன்னார். அவர் இப்போது லைசென்ஸ் எடுத்துவிட்டார். "இன்னிக்குக் கத்தரிக்காய் விலை சொன்னார் மேடம், சிரிப்பே வரல" என்றார். டீச்சர் அவரிடம் அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

சந்தைக்காரர்கள் சிலர் திரும்ப வர ஆரம்பித்தார்கள். அந்தக் காலையில் ரேடியோவில் அவர் குரலைக் கேட்டுச் சந்தையே ஒரு கணம் நின்றதாகச் சொன்னார்கள். அவர் சொல்லை முடிக்கும் வரை இப்போது உட்கார்ந்திருக்கிறார்கள். கடிகாரம் பார்ப்பவரை டீச்சர் பார்க்கிற பார்வைக்குப் பயந்தும் இருக்கலாம்.

மாடிக்கு ஒரு கணவன் மனைவி வந்தார்கள், இருவரும் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர்கள். குழாயை ஒழுங்காக மூடினார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. டீச்சர்தான் எடுத்தாள். "அம்மா, நான்தான்" என்றது குரல். அவள் பதில் பேசாமல் போனைக் கொண்டுபோய்க் கணவர் கையில் கொடுத்துவிட்டு, கதவோரம் நின்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. அந்தப் பக்கம் அவன் ஏதேதோ சொல்ல, இவர் ஒவ்வொரு சொல்லாகப் பதில் சொன்னார். சாப்பிட்டாயா, வீடு கிடைத்ததா, அங்கே தக்காளி என்ன விலை என்று கேட்டார். அவன் அழுதிருக்க வேண்டும். "சரி... சரி... விடு" என்று இவர் தேற்றினார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மன்னிக்க அவருக்கு உரிமை இருந்தது. அவள் தடுக்கவில்லை. ஆனால் அவர் மன்னித்ததற்காக அவளும் மன்னிக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

கடைசியில் அவர் போனைக் காதிலிருந்து எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "உங்கிட்ட... பேசணுமாம்."

அவள் இரண்டடி பின்னால் போனாள். போனில் கேட்காதபடி கையை ஆட்டி, "நான் வீட்டுல இல்லேன்னு சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள்.

அவர் போனை மறுபடி காதில் வைத்தார். வாயைத் திறந்து சொல்லைக் கூட்டிச் சேர்த்தார். அந்தப் பக்கம் அவன் அவசரப்படாமல் காத்திருந்தான்.

"அவ..." என்றார். "வீட்டுல..." என்றார். பிறகு நிதானமாக முடித்தார்.

"இல்லையாம்."